சுவரில் மாலை போட்ட இரண்டு படங்கள்

நீங்கள் இரண்டு பேரும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் எனக்குத் தமிழில்தான் எழுத வருகிறது. இங்கிலீஷில் ஏசி ரிப்பேர் ரிப்போர்ட் எழுதுவேன். கேஸ் லீக், கம்ப்ரஸர் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். உங்கள் அம்மா வீட்டுக் கதையை அந்த இங்கிலீஷில் எழுத முடியாது. பாப்பா, நீ தம்பிக்குப் படித்துக் காட்டு. புரியாத இடத்தில் என்னைக் கேளுங்கள். எனக்கே புரியாத இடங்களும் இதில் இருக்கின்றன. அங்கெல்லாம் புரியவில்லை என்றே எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை வீடியோ காலில் ஒருவர் பேசினாரே, பேசப் பேச அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாளே, "ஏன்ப்பா அம்மா அழறாங்க?" என்று தம்பி கேட்டான். "ஒண்ணுமில்லடா, போய் விளையாடு" என்று சொல்லிவிட்டேன். ஒன்றுமில்லாமல் யார் அழுவார்கள்? அதற்குப் பதில்தான் இது.

உங்கள் லோலா, அதாவது அம்மாவைப் பெற்றவர், போன வருஷம் பிலிப்பைன்ஸில் இறந்துபோனார். அம்மா மட்டும் லீவு போட்டுப் போய் அடக்கம் முடித்து வந்தாள். வரும்போது லோலாவின் படம் ஒன்று கொண்டுவந்தாள். நான் அதற்கு ஃபிரேம் போட்டு, இங்கே பஹ்ரைனில், குதைபியாவில் நம் ஃபிளாட் ஹாலில் மாட்டினேன். கீழே கோல்ட் ஸ்டோர் மளிகைக் கடையில் வியாழக்கிழமை ஊரிலிருந்து மல்லிகை வரும். ஒரு பாக்கெட் வாங்கி மாலையாகப் படத்தில் போட்டேன். செத்தவர் படத்துக்கு மாலை போடாமல் எப்படி வெறுமனே விடுவது? எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் எந்த வீட்டிலும் அப்படி விடமாட்டார்கள்.

அம்மா டூட்டி முடிந்து வந்து அதைப் பார்த்தாள். கண் கலங்குவாள் என்று நினைத்தேன். அவள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"எங்க அம்மாவுக்கு இதுவரைக்கும் யாருமே மாலை போட்டதில்ல" என்றாள். "நீதான் முதல்ல போட்டிருக்க."

இவ்வளவு சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சரி, மாமியாருக்கு மரியாதை செய்தோம், அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று விட்டுவிட்டேன். அப்போதே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பின்னால் வந்த குழப்பம் எதுவும் வந்திருக்காது.

நானும் அம்மாவும் பேசுவது உங்களுக்குத் தெரியும். பாதி இங்கிலீஷ், பாதி ஹிந்தி, நடுவில் அரபி. இங்கே எல்லாவற்றையும் தமிழாக்கி எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வேலை செய்யும் சலூனில் ஏசி பார்க்கப் போன என்னை எல்லோரையும் போல, ஹிந்தியில் அண்ணன் என்று, "பாய்" என்றுதான் கூப்பிட்டாள். இப்போதும் கோபம் வந்தால் நான் "பாய்"தான்.

இந்த வருஷம் ஆரம்பத்தில் அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. ஞாபகமிருக்கிறதா? நாம்தான் எப்போதும் அந்தப் பெரிய பெட்டியில் சோப்பு, சாக்லேட், டின் மீன், பழைய துணி எல்லாம் அடைத்து அங்கே அனுப்புவோம். நீங்கள் மேலே ஏறி உட்கார்ந்தால்தான் நான் டேப் ஒட்டுவேன். இந்தத் தடவை அங்கிருந்து இங்கே வந்தது. அம்மாவின் சித்தி வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போய் இருக்கப்போகிறாராம். அதனால் லோலாவின் சாமான்களை அனுப்பியிருந்தார். தலையணை உறை, ஜெபமாலை, கீழே ஒரு பிஸ்கட் டின் நிறைய போட்டோக்கள்.

லோலாவின் வாழ்க்கையை உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் குவைத்தில் ஃபஹாஹீலில் ஒரு வீட்டில் பல வருஷம் வேலை செய்தார். உங்கள் அம்மாவுக்கு அப்பாவின் முகம் நினைவில்லை. அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோதே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சித்திதான் அவளை வளர்த்தார். ஒரே பிள்ளை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அந்த டின்னில் ஒரு போட்டோ இருந்தது. நிறம் மங்கி ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி ஆகிவிட்ட போட்டோ. ஒரு சுவர். சுவரில் ஃபிரேம் போட்ட பையன் படம், ஆறு வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் ரிப்பனில் செய்த பூ மாதிரி ஒன்று. ஃபிரேமைச் சுற்றி மல்லிகை மாலை. பக்கத்தில் சின்ன வயசு லோலா, வாயை இறுக்க மூடிக்கொண்டு, சிரிப்பே இல்லாமல் நிற்கிறார். அம்மா பின்பக்கம் திருப்பினாள். லோலாவின் கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: பங்கனாய்.

"அப்படின்னா?"

"தலைப்பிள்ளைன்னு அர்த்தம்" என்றாள் அம்மா. போட்டோவை மறுபடி திருப்பி, "நான்தானே தலைப்பிள்ளை?" என்றாள். என்னிடம் கேட்டாளா, போட்டோவிடம் கேட்டாளா தெரியவில்லை.

உடனே சித்திக்குப் போன் போட்டாள். அந்த மொழி எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் குரல் ஏறுவதும், பிறகு போன் வைக்கப்படுவதும் எந்த மொழியில் இருந்தாலும் தெரியும்.

"என்ன சொல்றாங்க?"

"உங்கம்மா பேச விரும்பாத விஷயம். அவளே மண்ணுக்குள்ள போயாச்சு, நீ ஏன் தோண்டுறன்னு கேக்குறா." அம்மா போட்டோவை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு அண்ணன் இருக்கான். அம்மா செத்தது அவனுக்குத் தெரியுமா? அடக்கத்துல அவன் இல்ல. யாராவது அவன்கிட்ட சொல்லணும்ல?"

அதன் பிறகு அவளுக்கு அது ஒன்றுதான். சமைக்கும்போதும் அதே பேச்சு, உங்களுக்குத் தலை சீவும்போதும் அதே பேச்சு. யாராவது அவனிடம் சொல்ல வேண்டும். எங்கேயோ ஒருவன் தன் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தாங்கவில்லை.

எனக்கு வேறு எண்ணம். நான் அந்தப் போட்டோவைப் பார்த்த நொடியிலேயே முடிவு செய்துவிட்டேன். படத்தில் மாலை. பக்கத்தில் அழுது ஓய்ந்த முகத்தோடு பெற்றவள். சித்தி பேச மறுக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்? பையன் அந்த வயசிலேயே இறந்துவிட்டான். பாவம், இவள் ஆசையாக அண்ணன் அண்ணன் என்கிறாள். முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? முதலில் ஆதாரம் தேடுவோம், பிறகு பக்குவமாகச் சொல்வோம் என்று நினைத்தேன்.

கீழே கோல்ட் ஸ்டோர் காக்காவிடம் மட்டும் போட்டோவைக் காட்டினேன். அவர் காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், நீங்கள் சிரிப்பதை நிறுத்துங்கள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"நாங்க படத்துக்கு மாலை போடுற வழக்கமில்ல தம்பி. ஆனா உங்க ஆளுங்க வீட்டுல நான் பாத்திருக்கேனே. மாலை விழுந்துட்டா கலாஸ். முடிஞ்சிபோச்சு."

"அதான் காக்கா நானும் நெனச்சேன்."

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. பொம்பளை மனசு." பிறகு அவரே, "சொல்லாமயும் இருக்காதீங்க" என்றார். இப்படித்தான் அவர் யோசனை சொல்வார். ஆள் நல்லவர்.

சலூனில் அம்மாவோடு வேலை செய்யும் பெண் ஒரு வெப்சைட் சொன்னாள். பிலிப்பைன்ஸ் ஊர்களின் பழைய பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, அம்மாவுக்கு சலூனில் கூட்டம் அதிகம். அதனால் தேடுவது என் வேலை ஆயிற்று. நீங்கள் ஒரு பக்கம் கார்ட்டூன் பார்ப்பீர்கள், நான் ஒரு பக்கம் லேப்டாப்பில் செத்தவர்களைப் பார்ப்பேன்.

முதலில் பெயர்களிலேயே விழுந்தேன். நம் ஊரில் ஒருவன் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் இருந்தால் அது அவன் அப்பா பெயர். என் பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான். லோலாவின் பெயரில் மூன்று துண்டு. கடைசித் துண்டு அவருடைய அப்பா பெயர், நடுத்துண்டு தாத்தா பெயர் என்று நானாகவே வைத்துக்கொண்டு, அந்தப் பெயருள்ள ஆட்களைத் தேடி ஒரு பெரிய தாளில் வம்சம் வரைந்தேன். கோடு கோடாக மரம் மாதிரி வளர்ந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

அவள் தாளை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். "யார் இவங்கள்லாம்?"

"உன் தாத்தா, அவரோட அப்பா, அவரோட அப்பா."

"பாய், இது யாரோட குடும்பமும் இல்ல." சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. "நடுவுல இருக்கறது அம்மா வீட்டுக் குடும்பப் பேர். கடைசில இருக்கறது அப்பா வீட்டுக் குடும்பப் பேர். ஆளோட பேர் இல்ல. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு அந்தக் கடைசிப் பேர்தான். நீ ஊர்க்காரங்க எல்லாரையும் எனக்குச் சொந்தமாக்கிட்ட."

இன்னொன்றும் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பெயரின் கடைசியில் என் அப்பாவின் பெயர் ஒட்டிக்கொண்டது அல்லவா, அவள் ஊர் ஆபீஸில் அதை எங்கள் குடும்பப் பெயர் என்றே நினைக்கிறார்களாம். ஊரில் மாடு ஓட்டிக்கொண்டிருக்கும் என் அப்பாவுக்கு, தன் பெயரில் கடல் தாண்டி ஒரு வம்சம் நடப்பது தெரியாது.

தாளைக் கிழித்துப் போட்டேன். மறுபடியும் ஆரம்பித்தேன். இந்த முறை லோலா பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை வைத்து, அந்த ஊர் இறப்புப் பதிவேட்டை மட்டும் பார்த்தேன். பிறப்புப் பக்கம் போகவே இல்லை. குழந்தைகள் பக்கம் வரும்போதெல்லாம் உங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வேன். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஆற்றில் மூழ்கியது. எவ்வளவு பிள்ளைகள். கையெழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும், ஆனால் வயது மட்டும் தெளிவாக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது. அதே ஊர், அதே குடும்பப் பெயர், ஆறு வயசுப் பையன். அம்மா பெயர் எழுதிய இடத்தில் மை பரவிக் கிடந்தது. இவன்தான் என்று தோன்றியது. இவனாக இருக்கக்கூடாது என்றும் தோன்றியது. கீழே போய்ப் பிரிண்ட் எடுத்தேன். காக்காவின் கடையில் அன்று மல்லிகை மிச்சமிருந்தது, அதையும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அந்தப் பழைய போட்டோவுக்கு உங்கள் ஸ்கூல் சர்டிபிகேட் ஃபிரேம் ஒன்றைக் காலி செய்து மாட்டினேன். லோலாவுக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து, மாலை போட்டு, கீழே ஒரு ஊதுவத்தி வைத்தேன். அம்மா உள்ளே வந்ததும் சுவரைப் பார்ப்பாள், அவளுக்கே புரிந்துவிடும், நான் வாயால் சொல்ல வேண்டாம். அதுதான் என் திட்டம்.

அன்று அவளுக்கு அரைநாள் டூட்டி. கதவைத் திறந்தாள், செருப்பைக் கழற்றினாள், சுவரைப் பார்த்தாள். நான் பிரிண்ட் தாளைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அவள் கையைத் தட்டினாள். ஆமாம், கைதட்டல்!

"புது மாலை போட்டுட்டியா! எவ்வளவு நல்லாருக்கு! அம்மாவுக்குப் பக்கத்துல!" ஓடிவந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். "எங்க அண்ணன் மறுபடியும் கிராஜுவேட் ஆன மாதிரி இருக்கு."

நான் தாளை இன்னும் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கற? கையில என்ன?"

வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "இது டெத் சர்டிபிகேட். யாரோடது?"

"உங்க அண்ணனோடதா இருக்கும்னு..."

"யார் சொன்னா செத்துட்டான்னு?"

"படத்துல மாலை இருக்கே!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஊதுவத்திப் புகை நடுவில் போயிற்று. பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அவர்கள் ஊரில் பிள்ளை பாலர் பள்ளி முடித்தாலும், பரிசு வாங்கினாலும், படம் எடுத்து மாட்டி, அந்த மல்லிகை மாலையைப் படத்தின் மேல் தொங்கவிடுவார்களாம். வாடினாலும் எடுக்க மாட்டார்களாம். நெஞ்சில் இருந்த ரிப்பன் பூ பள்ளியில் குத்தியது. அந்தப் படத்தைப் பார்த்ததும் அது பாலர் பள்ளிப் பட்டம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவு தெரிந்த விஷயத்தை யாராவது சொல்வார்களா? நானும் மாலையைப் பற்றி அவளிடம் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு தெரிந்த விஷயத்தை யாராவது சொல்வார்களா?

"அப்புறம் உங்கம்மா ஏன் அழுத முகமா நிக்கறாங்க?"

"அவளுக்கு முன்பல் ரெண்டும் இல்ல. எந்தப் போட்டோலயும் வாயைத் திறக்க மாட்டா."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் திடீரென்று லோலாவின் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்போ எங்கம்மாவுக்கு நீ போட்ட மாலை?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நான் ஏதோ அவளுக்குப் பட்டம் குடுத்திருக்கன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "பரவால்ல. ரெண்டும் இருக்கட்டும்" என்றாள். ஊதுவத்தியை மட்டும் பால்கனியில் கொண்டுபோய் அணைத்தாள். ஒரு வருஷமாக ஒரே மாலைக்கு முன்னால் நான் துக்கத்தோடும் அவள் பெருமையோடும் நின்றிருக்கிறோம். இதை இப்போது நினைத்தாலும் எனக்குத் தலை சுற்றுகிறது.

அந்த இறந்த பையன் யாரோ, அவனைப் பெற்றவர்கள் யாரோ. பிரிண்ட் தாளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அம்மா அதை மடித்து ஜெபமாலையோடு வைத்தாள்.

அதன் பிறகு தேடியது அம்மா. ரிப்பன் பூவின் நடுவில் ஏதோ எழுத்து தெரிந்தது. காக்கா தன் புது மொபைலில் அதைப் பெரிசாக்கிக் காட்டினார். "சொல்லாதீங்கன்னு சொன்னேன் பாருங்க, நல்லவேளை" என்று அவர் சொன்னபோது நான் அவரை முறைத்தேன். அது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தின் எழுத்து என்று அம்மாவுக்குத் தெரிந்தது. அந்தப் பள்ளியின் பழைய மாணவர்களுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் இருந்தது. அதில் போட்டோவைப் போட்டு, இது யார் என்று கேட்டாள். நான் இத்தனை வாரம் லேப்டாப்பில் தேடியது அவளுக்கு ஒரே வாரத்தில் கிடைத்தது. ஒரு பெண், இவன் என் வகுப்பு, அப்பா வீட்டார் வேறு தீவுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று எழுதினாள். அடுத்து ஒரு ஆள் தனியாக மெசேஜ் அனுப்பினார். கூடவே ஒரு போட்டோ. அதே பையன், அதே வெள்ளைச் சட்டை, அவர் வீட்டுச் சுவரில். அவர்தான் அந்தப் பையன்.

அவர் சவூதியில் அல் கோபாரில் கொஞ்ச காலம் சைட்டில் வேலை பார்த்திருக்கிறாராம். லீவு நாளில் பாலம் தாண்டி பஹ்ரைன் வந்து, குதைபியாவில் அவர்கள் ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டுப் போவாராம். நம் தெருவிலேயே நடந்திருக்கலாம். நான் அவருக்கு முன்னால் வரிசையில் நின்றிருக்கலாம். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, உங்களிடம் சொல்லி வைக்கிறேன்.

ஏன் லோலா அவரை விட்டுக்கொடுத்தார், ஏன் உங்கள் அம்மாவிடம் சொல்லவே இல்லை, இதெல்லாம் இன்றுவரை தெரியாது. பதிவேட்டில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை. சித்தி இன்னும் பேசவில்லை.

அம்மா மெசேஜில் எதுவும் சொல்லவில்லை. செத்த செய்தியை எழுத்தில் அனுப்பக்கூடாது, முகம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள். வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். பாப்பா, நீதான் போனைப் பிடித்துக்கொண்டாய். திரையில் வழுக்கை விழ ஆரம்பித்த ஒரு ஆள். லோலாவின் அதே இறுக்கமான வாய். அம்மா "கூயா" என்றாள். அண்ணன் என்று அர்த்தம். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொந்த ஆளைப் பார்த்துச் சொல்கிறாள்.

கொஞ்ச நேரம் இருவரும் அழுதார்கள், சிரித்தார்கள், உங்களைக் காட்டினார்கள். என்னையும் இழுத்துக் காட்டினார்கள், நான் சலாம் வைத்தேன். அப்போது அவர் விரலை நீட்டி எங்களுக்குப் பின்னால் எதையோ காட்டினார். முகம் அப்படியே மலர்ந்தது. உங்கள் அம்மா முதல் நாள் மாலையைப் பார்த்தபோது மலர்ந்த மாதிரியே. வேகமாக ஏதோ சொன்னார். அம்மா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். இரண்டு படம், இரண்டிலும் புது மல்லிகை. திரும்பவும் போனைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அப்படியே படங்களுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

அவர் என்ன சொன்னார் என்று பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

"என் படத்தை அம்மா இன்னும் வெச்சிருக்காங்களா! எனக்கும் மாலை, அம்மாவுக்கும் மாலை! அம்மாவுக்கு என்ன விசேஷம்? உன்கூடத்தான் இருக்காங்களா? கூப்பிடு, நான் அவங்க முகத்தைப் பாக்கணும்."

தம்பி, நீ கேட்டது அப்போதுதான். உன்னை விளையாடப் போகச் சொன்னேன். அம்மா பாப்பாவின் கையிலிருந்து போனை வாங்கி, இரண்டு கையாலும் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அவருக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.